வாலாட்டாத நாய்க்குப் பாசம் போய்விட்டதா?

வந்த கேள்வி நீளமானது. சுருக்கித் தருகிறேன். காரைக்குடியில் பெரிய வீடு. அப்பா, அம்மா, ஓர் இராஜபாளையம் நாய். தீபாவளி வெடிக்கு அஞ்சி நாய் ஆண்டுதோறும் படும் பாட்டைப் பார்க்க முடியாமல், இந்த முறை ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நாய் சத்தமில்லாமல் கிடந்தது. சென்னையிலிருந்து வந்த மகள் (கேள்வி கேட்டவர் இவர்தான்) முகப்பில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டும் தலையைத் தூக்கவில்லை. மறுநாள் பழையபடி ஆகிவிட்டது. ஆனால் அந்த மாத்திரை மனச்சிதைவுக்குக் கொடுக்கும் மருந்துகளின் இனம் என்று அவர் தெரிந்துகொண்டதிலிருந்து வேறொரு கவலை பிடித்துக்கொண்டது. அவருடைய தம்பி ஓராண்டாக ரிஸ்பெரிடோன் சாப்பிடுகிறார். அவரும் முன்போல் யாருடனும் பேசுவதில்லை. "இந்த மருந்துகள் விலங்குகளின் பாசத்தை, கூடிப் பழகும் குணத்தை என்னதான் செய்கின்றன?"

அம்மா, இரண்டு கேள்விகளை ஒரே முடிச்சாகப் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். நாயின் முடிச்சை அவிழ்ப்பது எளிது. தம்பியின் முடிச்சில் எனக்குக் கொஞ்சம்தான் கைவைக்க உரிமை உண்டு. நான் சிவகங்கைப் பக்கத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாடு, ஆடு, நாய்களுக்கு வைத்தியம் பார்த்து ஓய்வுபெற்றவன். ஆனால் விலங்குகளில் இம்மருந்துகள் செய்வதைக் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன், ஓரளவு படித்தும் இருக்கிறேன். எனக்குத் தெரிந்தவரை விடை இதுதான்: இம்மருந்துகள் பாசத்தின் மீது கைவைப்பதைவிட, தானாக எழுந்து போய்ப் பழகும் முனைப்பின் மீதுதான் அதிகம் கைவைக்கின்றன. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். குழப்பம் முழுவதும் அங்கே இருக்கிறது.

மாத்திரை அட்டையில் அசிபுரோமசின் என்று இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது, 1950 டிசம்பரில் பிரான்சில் பால் சார்பாந்தியே உருவாக்கிய குளோர்புரோமசினின் பங்காளி. குளோர்புரோமசின் 1952இல் பாரிசில் ழான் டிலே, பியர் டெனிக்கர் என்ற இருவரின் கையால் மனநோயாளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு 1958இல் பெல்ஜியத்தில் பால் யான்சனின் குழு ஹாலோபெரிடாலை உருவாக்கியது. தம்பியின் ரிஸ்பெரிடோனும் அதே நிறுவனத்தில் பிறந்ததுதான். இவை எல்லாம் ஒரே வளவில் பிறந்தவை என்று சொல்ல முடியாது, ஆனால் தொழில் ஒன்று: மூளையில் டோபமின் என்ற செய்திப்பொருள் வந்து உட்காரும் இடங்களில் ஒன்றான டி2 ஏற்பியை அடைப்பது. கால்நடை மருத்துவர்களான எங்கள் பெட்டியில் இதே வம்சத்து டிரைஃப்ளூபுரோமசின் நெடுங்காலம் இருந்தது. மனிதருக்கு வந்த மருந்து மாட்டுக்கு எப்படி வந்தது என்று வியக்க வேண்டாம். மனிதருக்கு வருவதற்கு முன்பே எலிக்குக் கொடுத்துப் பார்த்ததுதான்.

அந்த எலிச் சோதனை இன்றும் படிக்கத் தகுந்தது. பிரெஞ்சு நிறுவனத்தில் சிமோன் கூர்வாசியேயும் அவருடைய கூட்டாளிகளும் மணி அடித்ததும் கயிற்றில் ஏற எலிகளைப் பழக்கினார்கள். ஏறாவிட்டால் தரையில் மின் அதிர்ச்சி. குளோர்புரோமசின் கொடுத்தபின் மணி அடித்தார்கள். எலி இருந்த இடத்திலேயே இருந்தது. அதிர்ச்சி வந்ததும் மளமளவென்று கயிற்றில் ஏறிவிட்டது. காது கேட்கிறது, கை கால் வேலை செய்கிறது. மணிச்சத்தத்துக்கு இருந்த அழுத்தம் மட்டும் போய்விட்டது. ஒரு புதிய பொருள் மனநோய் மருந்தாகுமா என்று பார்க்க ஆய்வகங்கள் நெடுங்காலம் இதைத்தான் உரைகல்லாக வைத்திருந்தன. முகப்பில் நின்று நீங்கள் கூப்பிட்ட குரலை அந்த மணியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

டோபமினை இன்பச் சுரப்பு என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு காட்சியோ சத்தமோ வாசனையோ 'எழுந்து வா' என்று நம்மை இழுக்கிறதே, அந்த இழுப்புக்குத்தான் டோபமின் அதிகம் தேவைப்படுகிறது. 1957இல் சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். நம் சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுத்த பொருள் அது. அந்த வேர் பைத்தியத்துக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உதவும் என்று கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போசும் 1931இலேயே எழுதியிருக்கிறார்கள். ரெசர்பின் ஏற்பியை அடைப்பதில்லை, டோபமின் போன்றவற்றின் சேமிப்பையே காலி செய்துவிடும். முயல்கள் காது தொங்கி, அசையாமல் உட்கார்ந்துவிட்டன. பிறகு டோபமினாக மாறக்கூடிய எல்-டோபாவை ஊசியில் செலுத்தியதும் சில நிமிடங்களில் காதை நிமிர்த்திக்கொண்டு ஓடத் தொடங்கின. அந்த வழியில் நடந்த வேலைக்காகத்தான் கார்ல்சனுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி என் கதை ஒன்று. கானாடுகாத்தான் பக்கத்தில் ஓர் ஆச்சி வீட்டில் தலைஈற்றுப் பசு. கன்று போட்டு ஆறு மணி நேரமாகியும் கன்றை அண்டவிடவில்லை. மடியை நோக்கி வந்தாலே உதை. ஆச்சி வழக்கமான பண்டுவத்தைச் செய்து பார்த்துவிட்டார்கள்: கன்றின் முதுகில் உப்பும் தவிடும் தூவி, பசு நக்கட்டும் என்று முன்னால் நிறுத்தினார்கள். பசு தவிட்டை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. சீம்பால் தாமதமானால் கன்று தேறாது. நான் டிரைஃப்ளூபுரோமசின் போட்டேன். சற்று நேரத்தில் பசுவின் தலை தாழ்ந்தது, இமை பாதி மூடியது, உதை நின்றது. கன்று முட்டி முட்டிக் குடித்தது. நான் வெற்றி பெற்றவனைப் போலக் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஆச்சி கட்டுத்தறியில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்கள்: "பால் கொடுக்கிறது தம்பி. ஆனால் நக்கவில்லையே."

அன்று அதற்கு நான் பதில் சொல்லவில்லை. மருந்து இறங்கிய பிறகு, மறுநாள் காலையில்தான் பசு கன்றை நக்கியது என்று சொல்லி அனுப்பினார்கள். நக்குவதற்கு உதவியது என் ஊசியா, இரவெல்லாம் மூக்கருகில் கிடந்த கன்றின் வாசனையா என்று கேட்டால் வாசனை என்றுதான் சொல்வேன். ஊசி செய்தது, கன்று சாகாமல் அந்த இரவைத் தாண்ட வைத்தது.

பல ஆண்டுகள் கழித்து, ஆச்சி கண்ட அதே காட்சியை ஆய்வுக்கட்டுரை ஒன்றில் படித்தபோது தூக்கிவாரிப் போட்டது. 1991இல் ஜூடித் ஸ்டெர்னும் உடன் ஆய்வாளரும் குட்டி போட்ட எலிகளுக்கு ஹாலோபெரிடால் கொடுத்துப் பார்த்தார்கள். எலித் தாய்க்கு வேலைகள் பல. சிதறிக் கிடக்கும் குட்டிகளை வாயால் கவ்விக் கூட்டில் சேர்க்க வேண்டும், கூட்டைச் சரி செய்ய வேண்டும், நக்க வேண்டும், அவற்றின் மேல் முதுகை வளைத்து நின்று பாலூட்ட வேண்டும். மருந்து ஏறிய தாய் குட்டிகளைக் கவ்விச் சேர்க்கவில்லை, நக்குவதும் குறைந்தது. பாலூட்டுவது மட்டும் குறையவில்லை, கூடியது. குட்டிகளின் எடையும் கூடியது! தாய் அலையாமல் ஒரே இடத்தில் கிடந்ததால் குட்டிகளுக்குக் கொண்டாட்டம். ஆக, தாய்மை என்று நாம் ஒரே சொல்லில் அடக்குவதை மருந்து இரண்டாகப் பிரித்துக் காட்டிவிட்டது: தேடிப் போய்ச் செய்பவை ஒரு பக்கம், மேலே வந்து ஒட்டிக்கொண்டால் ஏற்றுக்கொள்பவை இன்னொரு பக்கம். முதலாவது சாய்ந்தது, இரண்டாவது நின்றது.

இன்னொன்றும் உண்டு. குட்டிகளைச் சில மணி நேரம் பிரித்து வைத்திருந்துவிட்டுக் கொடுத்தால், ஹாலோபெரிடால் ஏறிய தாயும் ஓரளவு எழுந்து போய்க் குட்டிகளைச் சேர்க்கிறது. வெறும் உடல் விறைப்புதான் காரணம் என்றால் ஏக்கம் கூடியதும் அது தளர்ந்திருக்காது. குளோசபின், ஓலான்சபின் போன்ற பிந்தைய மருந்துகளும் எலித் தாய்களின் இந்த வேலைகளைக் குறைக்கின்றன. ஆனால் அவற்றில் செரட்டோனின் என்ற இன்னொரு மூளைச் செய்திப்பொருளின் வழியும் சேர்ந்துகொள்வதால் கணக்கு வேறு.

வேடிக்கை என்னவென்றால், இதே குடும்பத்தைத் தாயை உண்டாக்கவும் பயன்படுத்துகிறார்கள். டி2 ஏற்பி அடைபட்டால் பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஏறும். தாயிழந்த குதிரைக்குட்டிக்கு வளர்ப்புத் தாய் வேண்டுமென்றால், சினைப்படாத பெண் குதிரைக்கு ஹார்மோன்களோடு சல்பிரைடு என்ற மனநோய் மருந்தைக் கொடுத்துப் பால் சுரக்க வைப்பது வெளிநாட்டுக் குதிரைப் பண்ணைகளில் தெரிந்த முறை. பால் மட்டும் போதாது; குட்டியை ஏற்க வைக்கக் கருவாய்ப் பகுதியைக் கையால் தூண்டி, பிரசவம் நடந்தது போன்ற உணர்வை உண்டாக்குவார்கள். பாலுக்கு ஒரு சாவி, பாசத்துக்கு வேறொரு சாவி. உப்பும் தவிடும் தூவிய ஆச்சிக்கு இது தெரியாமல் இல்லை.

துணை சேர்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வட அமெரிக்கப் புல்வெளிகளில் வோல் என்ற சிறு கொறிவிலங்கு இருக்கிறது. பாலூட்டிகளில் அபூர்வமாக, ஒரே துணையோடு வாழும் பழக்கம் உடையது. ஆணும் பெண்ணும் ஒரு நாள் கூடியிருந்தால் போதும், பிறகு அந்நியத் துணையைவிடத் தன் துணையின் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும். அந்தச் சமயத்தில் ஹாலோபெரிடால் கொடுத்தால் கூடல் நடந்தாலும் இந்தத் தனி விருப்பம் உருவாவதில்லை என்று 2003இல் பிராண்டன் அரகோனா குழுவினர் ஆண் வோல்களில் காட்டினார்கள். பெண் வோல்களில் டி2 ஏற்பியை மட்டும் அடைத்தும் இதே விளைவை முன்பே கண்டிருந்தார்கள். இது புதிய பிணைப்பு உண்டாவதைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். பல வருடம் உங்கள் கையால் சோறு தின்ற நாயின் நினைவு ஒரு மாத்திரையில் அழிந்ததற்கு இதில் சான்று இல்லை. மறுநாள் அது வாலாட்டியதே சான்று.

குட்டி எலிகளின் விளையாட்டுச் சண்டையும் இம்மருந்துகளால் குறைகிறது. அதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை.

சண்டைக்கு வருவோம். முன்பின் அறியாத பன்றிகளை ஒரே கொட்டடியில் விட்டால் யார் பெரியவர் என்று தீரும்வரை கடித்துக்கொள்ளும். ஹாலோபெரிடாலின் தம்பியான அசபெரோன் இதற்கென்றே பன்றிப் பண்ணைகளுக்கு வந்தது. ஊசி போட்டுச் சேர்த்தால் பக்கத்தில் பக்கத்தில் படுத்துத் தூங்கும். மருந்து இறங்கியதும் பல சமயம் எழுந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கும். சண்டைக்கு வாய்தா வாங்கிக் கொடுக்கிற மருந்து என்பேன். தீர்ப்பு பன்றிகளே சொல்ல வேண்டியதுதான். ஆனால் வாய்தாவுக்கும் மதிப்புண்டு. தென்னாப்பிரிக்காவில் இம்பாலா, குடு போன்ற காட்டு மான்களைப் பிடித்து வேறு காட்டில் விடும்போது, மூன்று நாள் நிற்கும் ஜுக்ளோபென்திக்சால் அசிடேட்டையோ ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும் பெர்ஃபெனசின் எனந்தேட்டையோ போடுவார்கள். வேலியில் மோதிக் கழுத்தை முறித்துக்கொள்ளாமல், ஒன்றையொன்று குத்தாமல், தீவனத்தில் வாய் வைக்கப் பழகும்வரை அந்த நாட்கள் போதும்.

தை மாதம் சிராவயல் மஞ்சுவிரட்டுக்குக் காளையை லாரியில் ஏற்றுகிறவர்கள், மிரளாமலிருக்க ஊசி போடலாமா என்று என்னிடம் கேட்டதுண்டு. மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். இரத்த அழுத்தம் இறங்கும், உடல் தன் சூட்டைத் தானே கட்டுப்படுத்தாது, லாரியின் ஆட்டத்தில் கால் மடங்கி விழுந்தால் எழுப்ப முடியாது. வெளிப்பார்வைக்குச் சாது, உள்ளே அதே காளை.

இப்போது உங்கள் நாய். அசிபுரோமசின் உடலை அடக்கும். அச்சத்தை அந்த அளவுக்குத் தணிப்பதில்லை. வெடிக்கு அஞ்சும் நாய்களுக்கு அதை மட்டும் தனியாகக் கொடுப்பதை விலங்கு நடத்தை மருத்துவர்கள் இப்போது விரும்பாததற்குக் காரணம் இதுதான். வெடிச்சத்தம் காதில் விழுகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, ஓடி ஒளிய மட்டும் முடியவில்லை. அன்றிரவு அதன் கண்ணைப் பார்த்திருந்தால், உள்மூலையிலிருந்து ஒரு வெளிறிய சவ்வு பாதிக் கண்ணை மூடியிருந்திருக்கும். அது தூக்கமல்ல, மூன்றாவது இமை. இந்த மருந்தின் வழக்கமான அடையாளம். அந்த நிலையில் திடீரென்று தொட்டால் பழகிய நாயும் திடுக்கிட்டுக் கடிக்கலாம், குழந்தைகளை அருகே விடாதீர்கள். பாக்சர் இன நாய்களுக்கு இரத்த அழுத்தம் சட்டென்று சரியும். காலி (Collie) என்ற மேய்ச்சல் நாய் இனத்தில் மரபணுக் குறை ஒன்றால் சிறு அளவே அதிகமாக வேலை செய்யும். இராஜபாளையமானாலும் வேறு எந்த நாயானாலும், யாரோ பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த அட்டையிலிருந்து அளவு நிர்ணயிப்பது தவறு.

அடுத்த தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். அச்சத்தைத் தணிக்கும் வேறு மருந்துகள் இருக்கின்றன. நாயின் ஈறில் தடவும் டெக்ஸ்மெடிடோமிடின் ஜெல்லுக்கு அமெரிக்காவில் இந்தப் பயன்பாட்டுக்கென்றே அனுமதி கிடைத்திருக்கிறது. இங்கே எது கிடைக்கும், உங்கள் நாய்க்கு எது ஏற்கும் என்பதை அவர் சொல்வார். வெடிச்சத்தப் பதிவை மிக மெல்லிய ஒலியில் வைத்து, கூடவே தீனி கொடுத்து, நாளுக்கு நாள் சிறிது கூட்டிப் பழக்கலாம். செட்டிநாட்டு வீட்டில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: தெருச்சத்தம் குறைவாக எட்டும் இரண்டாங்கட்டு அறை, ஒரு முழத்துக்கும் பருத்த சுவர். அங்கே அதன் பழைய சாக்கைப் போட்டு, மின்விசிறியையும் வானொலியையும் ஓடவிட்டு, அப்பா கூடவே உட்கார்ந்திருக்கட்டும். முகப்புத் தூணில் கட்டிப்போட்டுவிட்டு மாத்திரையை நம்பாதீர்கள்.

தம்பியைப் பற்றி. எலிச் செய்தியை அப்படியே அவர் மேல் ஏற்றக் கூடாது என்பதற்கு மூன்று காரணங்கள் சொல்ல முடியும். எலியின் உடல் இம்மருந்துகளை மனித உடலைவிடப் பல மடங்கு வேகமாகக் கழிக்கிறது. அதனால் ஆய்வகங்களில் ஒரேயடியாகப் பெரிய அளவு கொடுத்துப் பார்ப்பது வழக்கம். மனிதரில் டி2 ஏற்பிகளில் சுமார் 65 சதவீதம் அடைபட்டாலே பலன் தெரியத் தொடங்குகிறது, 80ஐ நெருங்கினால் விறைப்பும் நடுக்கமும் வருகின்றன. பல எலிச் சோதனைகள் இந்தக் குறுகிய பாதையைக் கடந்தவை. அடுத்து, அந்த எலிகளும் வோல்களும் நோயில்லாதவை. நல்ல விளக்கின் திரியைக் குறைத்தால் இருட்டும். புகைந்து எரிகிற திரியைக் குறைத்தால் அறையில் கண் தெரியும். எல்லோரும் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்ற அச்சத்தில் கதவைச் சாத்திக்கொண்டவர், மருந்தால் அந்த அச்சம் தணிந்து வெளியே வருவதுண்டு. மூன்றாவது, பேசாமல் ஒதுங்குவது அந்த நோய்க்கே உரிய குணமாகவும் இருக்கலாம். ஃபென்சைக்ளிடின் என்ற பொருளைக் கொடுத்து எலிகளைக் கூட்டத்திலிருந்து ஒதுங்க வைத்தபோது, ஹாலோபெரிடால் அந்த ஒதுக்கத்தைப் போக்கவில்லை. குளோசபின் ஓரளவு போக்கியது. ஆக, மருந்து உண்டாக்கும் ஒதுக்கமும் இருக்கிறது, மருந்து தொடாமல் விட்டுவிடும் ஒதுக்கமும் இருக்கிறது. வெளியே இரண்டும் ஒரே மாதிரி. எது என்று பிரித்துப் பார்ப்பது அவருடைய மருத்துவரின் வேலை. அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், மனச்சோர்வு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தியபின் நோய் திரும்பி வந்த குடும்பங்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

கூட்டம் மூளையை மாற்றும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவில் 2002இல் மைக்கேல் நேடர் ஆய்வகத்தில் மகாக் குரங்குகளின் டி2 ஏற்பிகளை ஸ்கேனில் பார்த்தார்கள். தனித்தனிக் கூண்டில் இருந்தபோது அவற்றுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. கூட்டமாகச் சேர்த்துச் சில மாதம் கழித்துப் பார்த்தால், தலைமைக்கு வந்த குரங்குகளில் அளவு ஏறியிருந்தது; அடங்கிப் போனவற்றில் ஏறவில்லை. மருந்து மட்டுமே அந்த ஏற்பியைத் தொடுவதில்லை, சுற்றியிருப்பவர்களும் தொடுகிறார்கள்.

ஆகவே ஒரு வாரம் ஒரு வேலை செய்து பாருங்கள். தம்பி தானாக வந்து பேசிய தடவைகளையும், நீங்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது அவர் பதில் சொன்ன தடவைகளையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். எந்த நேரத்து மாத்திரைக்குப் பிறகு மந்தமாகிறார், கை நடுங்குகிறதா, காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறாரா என்பதையும் எழுதுங்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். உள்ளே போனதும் தாளைக் கொடுத்துவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். எலிக்கும் பசுவுக்கும் உள்ளே என்ன நடக்கிறது என்று நாங்கள் வெளியே நின்று ஊகிக்க வேண்டியிருந்தது. உங்கள் தம்பியைக் கேட்டால் அவரே சொல்வார், சற்று நேரம் எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான்.